மோனோலாக் எழுதச் சொன்னால் எந்த ‘ஹீ’ யாருடையது என்றே தெரியவில்லை. எப்படித் திருத்துவது?

சாக்பீஸ்தூள்:
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மோனோலாக் (ஒரே ஆள் தொடர்ந்து பேசுவதாக எழுதும் தனிமொழி) எழுதுவதும் பிரோனவுன்–ஆன்டிசிடென்ட் அக்ரிமென்ட்டும் (‘ஹீ’, ‘தே’ போன்ற சுட்டுப்பெயர், தான் சுட்டும் பெயர்ச்சொல்லோடு எண்ணிலும் பாலிலும் பொருந்துவது) இந்தப் பருவத்தில் அடுத்தடுத்து வருகின்றன. கோடிட்ட இடத்தில் ‘ஹிஸ்’ வருமா ‘தேர்’ வருமா என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். அதே பிள்ளைகள் மோனோலாக் எழுத உட்கார்ந்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. ஒரு மாணவன் எழுதியது:

“மை பிரதர் டோல்டு மை ஃபாதர் தட் ஹீ வாஸ் ராங். ஹீ காட் ஆங்க்ரி. தென் ஹீ லெஃப்ட் தி ஹவுஸ்.”

தப்பு யார் மேல்? கோபம் யாருக்கு? வீட்டை விட்டுப் போனது யார்? ஆனால் இதில் அக்ரிமென்ட் பிழை ஒன்றும் இல்லை. இருவரும் ஆண், இருவரும் ஒருமை. எந்த விதியைச் சொல்லிச் சிவப்பு மையில் வட்டம் போடுவது?

இன்னொரு பெண் எழுதியிருக்கிறாள்: “எவ்ரி ஸ்டூடன்ட் லுக்டு அட் மீ, அண்ட் தே வேர் லாஃபிங்.” பாடநூல்படி ‘எவ்ரி’ ஒருமை. அதற்காக ‘ஹீ வாஸ் லாஃபிங்’ என்று திருத்தினால், யாரோ ஒருவன் மட்டும் சிரித்த மாதிரி ஆகிவிடுகிறது! இரண்டு பாடத்தையும் சேர்த்து நடத்தலாமா, இல்லை தனித்தனியாகவே விட்டுவிடலாமா?

ஒத்திகை_அறை:
சேர்த்தே நடத்துங்கள், டீச்சர். ஆனால் நீங்கள் காட்டியவை இரண்டும் ஒரே வகைப் பிழை அல்ல. எண்ணும் பாலும் பொருந்துகிறதா என்பது ஒன்று, சுட்டுவது யாரை என்று கேட்பவருக்குப் புரிகிறதா என்பது வேறொன்று. கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சி முதலாவதை மட்டும்தான் சோதிக்கும். மோனோலாக்கைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவது.

அந்தப் பையன் தமிழில் நினைத்து எழுதியிருக்கிறான் என்பது என் ஊகம். அவன் மனதில் ஓடியது இப்படி இருந்திருக்கும்: “அண்ணன் அப்பாகிட்ட, தப்பு அவர் மேலதான்னு சொன்னான். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. அப்புறம் அவன் வீட்டை விட்டுப் போயிட்டான்.” எங்காவது குழப்பம் உண்டா? அப்பாவுக்கு ‘அவர்’, அண்ணனுக்கு ‘அவன்’. ‘அவன்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டாலும் ‘போயிட்டான்’ என்ற விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த மரியாதை வேறுபாடு காணாமல் போய், அவரும் அவனும் ஒரே ‘ஹீ’ ஆகிவிட்டார்கள். எழுதியவனுக்கு இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. அதனால் அவனையே திரும்பப் படித்துப் பார்க்கச் சொன்னால் பிழை அவன் கண்ணில் படாது.

எனவே வேறொருவர் காது வேண்டும். இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் தான் எழுதியதை வாசிக்கட்டும், மற்றவர் தாளைப் பார்க்காமல் கேட்கட்டும். ஆள் தெரியாத ஒரு ‘ஹீ’, ‘ஷீ’, ‘தே’ வந்த உடனே கையைத் தூக்க வேண்டும். வாசிப்பவர் அந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டுவிட்டு மேலே போகலாம். ‘ஆன்டிசிடென்ட்’ என்ற பெயரை நான் அதற்கு அப்புறம்தான் சொல்வேன். கை தூக்கிய பிள்ளைக்கு அது என்னவென்று அதற்குள் தெரிந்திருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. திருத்தச் சொன்னால் எல்லா ‘ஹீ’யையும் எடுத்துவிட்டு ‘மை பிரதர்’, ‘மை ஃபாதர்’ என்று வரிக்கு வரி போடுவார்கள். படித்தால் காவல் நிலையப் புகார் மாதிரி இருக்கும். அண்ணன் சொன்னதை அப்படியே நேர்க்கூற்றாகப் போடச் சொல்லுங்கள்: “யூ ஆர் ராங், ஹீ ஷவுட்டட் அட் மை ஃபாதர்.” குழப்பமும் தீரும், மேடையில் பேசவும் நன்றாக இருக்கும்.

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ (1842) என்ற மோனோலாக் கவிதை உங்களுக்குக் கைகொடுக்கும். பேசுகிறவர் ஒரு டியூக். தொடக்கத்திலிருந்தே யாரையோ ‘யூ’ என்கிறார். அந்த ‘யூ’ யார் என்பது 56 வரிகளில் ஏறக்குறைய முடிவில்தான் வெளிவருகிறது: டியூக் அடுத்து மணக்க நினைக்கும் பெண்ணின் தந்தையான பிரபு அனுப்பிய தூதர். பேச்சு முழுவதுமே கல்யாணப் பேரம் என்று அப்போதுதான் உறைக்கிறது. ஆக, ஆளை மறைப்பதே தவறு என்று சொல்ல வராதீர்கள். “இங்கே ஏன் மறைத்தாய்?” என்று கேளுங்கள். பிள்ளையிடம் பதில் இருந்தால் விட்டுவிடலாம்.

சிவப்புமை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. மோனோலாக்கோடு சேர்த்தால் இலக்கணம் கரைந்துபோகும். தேர்வில் ‘ஈச்’, ‘எவ்ரிஒன்’, ‘நெய்தர்’ எல்லாம் ஒருமை என்றுதான் கேட்பார்கள். ‘நெய்தர் தி கேப்டன் நார் தி பிளேயர்ஸ்’ என்றால் பக்கத்தில் இருப்பது பன்மை, எனவே ‘தேர்’. ‘டீம்’ வந்தால் ‘இட்ஸ்’ போடலாம், பிரிட்டிஷ் வழக்கில் ‘தேர்’ கூடச் செல்லும், ஆனால் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. இதெல்லாம் தனியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தால்தான் நிற்கும். அந்த ‘எவ்ரி ஸ்டூடன்ட்... தே’ என் கையில் வந்திருந்தால் அரை மதிப்பெண் போயிருக்கும்.

இலக்கணப்பூனை:
சிவப்புமை சார், அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருமைக்கு ‘தே’ போடுவது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ள வழக்கம். ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேடும் தன் ஏழாம் பதிப்பில் (2019) அதை ஏற்றுக்கொண்டது. மெரியம்–வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததும் ‘தே’யைத்தான்.

தேர்வுத்தாள் பழைய விதியையே கேட்கும் என்பதை மறுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் “ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் லுக்டு அட் மீ, அண்ட் தே வேர் லாஃபிங்” என்று மாற்றலாம் எனக் காட்டுங்கள். விதிக்கும் குறையில்லை, சிரிப்பும் கூட்டச் சிரிப்பாகவே இருக்கும். ஆனால் மோனோலாக்கில் பேசுவது பதினான்கு வயதுப் பெண் என்றால் ‘எவ்ரிஒன் ஃபர்காட் ஹிஸ் ஆர் ஹெர் லைன்ஸ்’ என்று அவளைப் பேச வைக்காதீர்கள். எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசாது.

சாக்பீஸ்தூள்:
எல்லோருக்கும் நன்றி. அந்த மூன்று வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி அவனிடமே கேட்டேன். ‘அவர்’, ‘அவன்’ என்று தெளிவாகப் பிரித்துத்தான் சொன்னான். ஒரு சந்தேகம்: வகுப்பு பெரியது. எல்லோரும் முழுதாக வாசித்தால் பீரியட் போதாது. மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?

ஒத்திகை_அறை:
முழுதும் வேண்டாம், முதல் பத்து வரி போதும். ஆட்கள் அறிமுகமாவது அங்கேதான், குழப்பமும் அங்கேதான் தொடங்கும். முதல் வரைவில் ஆள் தெரிகிறதா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள். சிவப்புமை சார் சொன்ன ஒருமை–பன்மையைக் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். கை தூக்கும் பட்டியலில் ‘திஸ்’ஸையும் சேர்த்துவிடுங்கள். ‘திஸ் மேட் மீ க்ரை’ என்று ஒரு பிள்ளையாவது எழுதியிருக்கும், எது அழ வைத்தது என்று முந்தைய பத்தி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.