.243 போதுமா, .308 வேண்டுமா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் வேட்டையாடுகிறேன்; பெரும்பாலும் ரோ மான் (சிறு மான் இனம்), சில சமயம் சிவப்பு மான். ஒரே ரைஃபிள் வாங்கப்போகிறேன். எந்தக் காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), .243-ஆ .308-ஆ?

பதில்: முதலில் சட்டம். ரோ மானுக்குக் குறைந்தது 50 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு, நொடிக்கு 2450 அடி வேகம், 1000 அடி-பவுண்டு ஆற்றல். சிவப்பு மானுக்கு 80 கிரெய்ன், அதே வேகம், 1750 அடி-பவுண்டு. .243 இரண்டுக்கும் செல்லும். உதைப்பும் குறைவு, குறி பிசகாது.

பதில்: அந்த எண்கள் குழல்வாயில் அளப்பவை. குட்டைக் குழலில் வேகம் குறையும். பெட்டியில் அச்சிட்டதை நம்பாமல் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்துவிடுங்கள்.

பதில்: பெரிய ஆண் சிவப்பு மானும் வரும் என்றால் .308, 150 கிரெய்ன்தான் என் தேர்வு. ஈயத்துக்குப் பதில் செம்புக் குண்டு எடுத்தால், அது அதே எடைக்கு நீளம் கூடியது; .243-இன் வழக்கமான 10 அங்குல முறுக்குக்கு (குழலின் உள்வரிகள் ஒரு சுற்று முடிக்கும் நீளம்) 80 கிரெய்னே பொருந்தும். எதுவானாலும், பட்டதும் விரியும் குண்டு கட்டாயம்.