கருந்துளை வெளிச்சத்த விடாதுன்னா குவாசர் மட்டும் எப்படிங்க இப்புடி எரியுது?

அவினாசிக்காரன்:
வணக்கமுங்க. நேத்து கரண்டு போயி மொட்டை மாடில படுத்திருந்தோம், ஒம்பதாவது படிக்கிற எம்பொண்ணு ஒரு கேள்விய போட்டா பாருங்க, தூக்கமே போச்சு. கருந்துளைல இருந்து வெளிச்சம் வெளிய வராதுங்கறாங்க, குவாசர்னா ரொம்ப தூரத்து கேலக்ஸியோட பளபளக்கற நடுமையமாம், அதுக்குள்ளாறயும் கருந்துளைதானாம், அப்பறம் அது மட்டும் எப்படிப்பா ஒரு கேலக்ஸியவே மங்கடிக்குதுங்கறா. நானு மில்லுல கணக்கு எழுதறவனுங்க, வெவரந் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிரைண்டர்பட்டறை:
பாப்பா சரியாத்தான் கேட்டிருக்குதுங்ணா. வெளிச்சம் உள்ள இருந்து வர்றதில்லீங்க, உள்ள உழுகறதுக்கு முன்னாடி வெளிய சுத்தற வாயுல இருந்து வர்றது. வாயுவுக்கு சுழற்சி இருக்கறதால நேரா போய் உழுகாது, தட்டு மாதிரி பரவி சுத்திச் சுத்தி கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். நம்மூரு கிரைண்டர்ல உளுந்த ரொம்ப நேரம் ஓடவிட்டா மாவு சூடாகுதுங்ல்ல, அந்தக் கதைதான், இங்க சூடு லட்சம் டிகிரிக்குப் போயிருது, அதான் அல்ட்ரா வயலட்டா கொட்டுது. சூரியன்ல ஹைட்ரஜன் எரிஞ்சா நிறைல 0.7 சதவீதந்தான் எனர்ஜியாகும், இங்க சுழலாத கருந்துளைன்னாலே 6 சதவீதம்கிட்ட, முழு வேகத்துல சுழல்றதுன்னா 40ஐயும் தாண்டும்.

நொய்யல்கரை:
புள்ளைக்குச் சொல்ல கிரைண்டர் சரிங்க, ஆனா கல்லும் கல்லும் உரசற மாதிரி அங்க கெடையாது, அந்த வாயுவோட சாதா உரசல் ஒண்ணுக்கும் ஆகாது. காந்தப்புலந்தான் ரப்பர் பேண்டாட்டம் உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் கட்டி இழுக்குது, உள்ள இருக்கறது சுழற்சிய வெளிய இருக்கறதுக்கு குடுத்துட்டு இன்னும் எறங்குது. 1991ல பால்பஸ், ஹாலின்னு ரெண்டு பேரு வெளக்குனது. எக்ஸ்ரே கதை வேற, தட்டுக்கு மேல கொரோனான்னு நூறு கோடி டிகிரில எலக்ட்ரான் கூட்டம் இருக்குது, அதுல மோதற அல்ட்ரா வயலட் போட்டான்தான் (ஒளித் துகளுங்க) எனர்ஜி ஏறி எக்ஸ்ரேவா வருது.

முத்தோரைபோனவன்:
3சி 273ங்கற குவாசரோட எடத்த துல்லியமா புடிச்சது நம்ம நிலாவ வெச்சுத்தானுங்க. 1962ல ஆஸ்திரேலியா பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப்புல, நிலா குறுக்க வந்து மறைச்ச நேரத்த கணக்குப் பண்ணுனாங்க. அடுத்த வருசம் மார்ட்டன் ஷ்மிட்டுங்கற வானியலாளர் அதோட நிறமாலைய, அதாவது வெளிச்சத்த நெறம் நெறமா பிரிச்சு பாத்தா, ஹைட்ரஜன் கோடெல்லாம் செவப்புப் பக்கமா 16 சதவீதம் தள்ளி நிக்குது, பிரபஞ்சம் விரியறதால தூரம் கூடக்கூட இந்தத் தள்ளலும் கூடும், அப்ப 200 கோடி ஒளியாண்டுக்கும் அந்தாண்டன்னு ஆச்சு. இதே நிலா மறைப்பு வேலைக்குத்தான் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் ஊட்டி முத்தோரைல 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ டெலஸ்கோப் கட்டுனாரு, 1970ல இருந்து ஓடுது. மலைச்சரிவும் 11 டிகிரி, ஊட்டி அட்சரேகையும் 11, அதனால அந்த நீளம் பூமி அச்சுக்கு இணையா அமைஞ்சு போச்சு, ஒரே பக்கமா உருட்டிட்டே வானத்த தொடரலாம். வர்க்கி வாங்கப் போறவங்க எத்தன பேருக்கு இது தெரியும்னு தெரியல.

அவினாசிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. மாவு கதைய சொன்னதும் ஓடிப்போயி அவங்கம்மா ஆட்டற மாவ தொட்டுப் பாத்துட்டு திட்டு வாங்கீட்டு வந்தா. அந்த 3சி 273ய மாடில இருந்து பாக்க முடியுமுங்களா?

கிரைண்டர்பட்டறை:
வெறுங்கண்ணுல ஆகாதுங்ணா, 8 இன்ச் டெலஸ்கோப்பு வேணும், டவுன் வெளிச்சத்துல அதும் கஷ்டந்தான். கன்னி ராசில இருக்குது, ஏப்ரல் மாசம் ராத்திரி பதினொரு மணி வாக்குல கிட்டத்தட்ட தலைக்கு மேல நிக்கும். ஆனா நட்சத்திரமாட்ட ஒரு புள்ளிதானுங்க தெரியும், பாப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சுருங்க.