டூரிசம் படித்தால் ஊர் சுற்றலாமா?

அம்மா: இவள் பள்ளி முடித்ததும் ட்ராவல் அண்ட் டூரிசம் டிப்ளமோ சேரப் போகிறாளாம். நேற்றிலிருந்து ஒரே பிடிவாதம். எல்லோரும் கொஞ்சம் சொல்லுங்கள்.

மாமா: ஊர் சுற்றுவதற்கு ஒரு படிப்பா? எனக்கும் ஒரு இடம் சொல்லி வை அக்கா.

நான்: நீங்கள் இப்படித்தான் ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும் மாமா.

மாமா: சரி, விளையாட்டில்லாமல் கேட்கிறேன். டிக்கெட்டை எல்லோரும் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் ஏஜென்ட் எதற்கு? கமிஷனைக்கூட விமான கம்பெனிகள் எப்போதோ வெட்டிவிட்டன.

அம்மா: எனக்கும் அதே பயம்தான். கொரோனா சமயத்தில் ட்ராவல் ஏஜென்ட் வேலையில் சித்தி பட்ட பாட்டைப் பார்த்தோமே.

தாத்தா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அண்ணன்: தாத்தா, என்ன அனுப்பி அழித்தீர்கள்?

தாத்தா: கை பட்டுவிட்டது. நீங்கள் பேசுங்கள்.

சித்தி: இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். அண்ணா சொல்வதில் பாதி சரி. போக வர ஒரு டிக்கெட் போட யாரும் எங்களிடம் வருவதில்லை. மூன்று நாடு சுற்றும் நாற்பது பேர் குழு, சக்கர நாற்காலியில் வரும் பாட்டி, கடைசி நேரத்தில் ரத்தான விமானம், இப்படி வருகிறவர்கள்தான் இப்போது எங்கள் ஆட்கள். 2020ல் உலகம் முழுக்க வெளிநாட்டுப் பயணம் முக்கால்வாசி படுத்துவிட்டது, உண்மை. 2024ல் ஏறக்குறைய பழைய அளவுக்கு எழுந்தும்விட்டது. மறுபடி படுக்காது என்று யாரும் எழுதித் தர முடியாது. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் சரி.

நான்: படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள் சித்தி? விளம்பரத்தில் கடற்கரைப் படம்தான் இருக்கிறது.

சித்தி: கடற்கரையை மறந்துவிடு. அமேடியஸ், சேபர், கலிலியோ என்று முன்பதிவு சிஸ்டங்கள் இருக்கின்றன. சேபர் 1960களிலேயே வந்தது. இன்றைக்கும் கட்டளைகளை மனப்பாடமாக டைப் செய்கிறவர்கள் இருக்கிறோம். படமும் கிடையாது, பட்டனும் கிடையாது, கருப்புத் திரையில் எழுத்துதான். விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை உருப்போட வேண்டும். போனில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று 26 சொற்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவருக்குக் குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். அதில் கோட்டைவிட்டால் கவுன்டரில் அவரை நிறுத்திவிடுவார்கள்.

அண்ணன்: இவளுக்கு இதெல்லாம் சரியாக வரும். என் சட்டையில் பட்டன் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிப்பாள்.

சித்தி: அந்தக் கண்தான் முதலில் வேண்டும். டிக்கெட்டில் 12ஆம் தேதி 00.30 என்று இருக்கும். 12ஆம் தேதி ராத்திரி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வருவார்கள். விமானம் முந்தைய ராத்திரியே போயிருக்கும். அதனால் நான் பயணத்திட்டத்தில் தேதியோடு நிறுத்துவதில்லை. ‘11ஆம் தேதி இரவு 9 மணிக்கு விமான நிலையத்தில் இருங்கள்’ என்று பெரிதாக எழுதிக் கொடுப்பேன்.

மாமா: இலவசமாக வெளிநாடு கூட்டிப்போவார்களாமே?

சித்தி: ஃபேம் ட்ரிப், அதாவது ஏஜென்ட்களுக்கு ஊரையும் ஹோட்டலையும் காட்டக் கூட்டிப்போகும் பயணம், அதைச் சொல்கிறாயா அண்ணா? உண்டு. காலையிலிருந்து ஹோட்டல் ஹோட்டலாக ஏற்றி இறக்கி அறை காட்டுவார்கள். குளியலறை வாசலில் படி இருக்கிறதா, லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா, பஸ் வாசல் வரை வருமா என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். மற்றபடி ஊரெல்லாம் லீவில் இருக்கும்போதுதான் எங்களுக்கு மூச்சு முட்டும். ஆரம்பச் சம்பளமும் சுமார்தான். அக்கா, இதை உனக்காகவும் சொல்கிறேன்.

அண்ணன்: கைடாகப் போகலாமா?

சித்தி: அது வேறு பாதை. பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும்.

அம்மா: அப்படியானால் எந்த இடத்தில் சேர்ப்பது? எல்லோரும் நூறு சதவீதம் வேலை என்றுதான் எழுதுகிறார்கள்.

சித்தி: அதை விடு. நேரில் போய் லேபைக் காட்டச் சொல். முன்பதிவு சிஸ்டத்தின் பயிற்சிப் பதிப்பில் மாணவர்களே உட்கார்ந்து பழகுகிறார்களா, இல்லை வாத்தியார் ஸ்லைடில் காட்டுவதோடு சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம், அங்கே என்ன வேலை கொடுப்பார்கள் என்று போன வருடப் பிள்ளைகளிடமே கேளுங்கள். வெறும் வரவேற்பு மேசை என்றால் யோசி. போர்டில் ஐயாட்டா (உலக விமான கம்பெனிகளின் சங்கம்) என்று போட்டிருந்தால், உண்மையிலேயே அங்கீகாரம் பெற்ற மையமா என்று ஐயாட்டா இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பின்னால் டிகிரி படிக்க நினைத்தால் இந்த டிப்ளமோவை ஏற்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

நான்: சரி சித்தி. நான் இதற்குச் சரிப்படுவேனா?

சித்தி: ஒரு கணக்கு. டோக்கியோவில் 10ஆம் தேதி இரவு 9 மணிக்கு விமானம். ஹொனலுலுவுக்கு ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள். எல்லா ஊர் நேரத்துக்கும் அடிப்படையாக வைக்கும் ஜிஎம்டிக்கு டோக்கியோ 9 மணி முன்னால், ஹொனலுலு 10 மணி பின்னால். எப்போது இறங்குவாய்?

மாமா: 11ஆம் தேதி காலை 4. இதில் என்ன இருக்கிறது?

சித்தி: அது டோக்கியோ கடிகாரம் அண்ணா.

தாத்தா: 10ஆம் தேதி காலை 9.

நான்: தாத்தா! எனக்கும் அதுதான் வந்தது. அப்படியானால் ஏறுவதற்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறேனா?

சித்தி: பசிபிக் கடல் நடுவே தேதி மாறும் கோட்டை, தேதிக்கோட்டைத் தாண்டுகிறாய் அல்லவா. இப்போது சொல், ஹோட்டல் அறையை எந்தத் தேதியிலிருந்து போடுவாய்?

நான்: 10ஆம் தேதியிலிருந்து. ஆனால் அறை மதியத்துக்கு மேல்தானே கொடுப்பார்கள்? காலை 9 மணிக்கே போய் நின்றால்? முன்கூட்டியே அறை கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகளை வைக்கவாவது இடம் கேட்க வேண்டும்.

சித்தி: அக்கா, பார்த்தாயா.

அம்மா: பார்த்தேன். திங்கட்கிழமை அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறோம். சித்தி சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி வை, நான்தான் கேட்பேன்.