முட்டி மாற்று ஆபரேஷன்: கால் மடங்க மாட்டேன் என்கிறது

தேனிக்காரி:
அம்மாவுக்கு வலது முட்டி மாற்றி இது மூன்றாவது வாரம். பிசியோ வந்தாலே "அப்புறம் பாத்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார், முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கமே வருகிறதாம். 90 டிகிரி இன்னும் மடங்கவில்லை. இதில் சம்மணம் போட்டு எப்போது உட்காரலாம் என்று வேறு கேட்கிறார்.

வாக்கர்:
முதலில் அந்தத் தலையணையை எடுங்கள். முட்டி மடங்கினபடியே கிடந்தால் முழுசாக நீட்ட வராது, அப்புறம் நடையே நொண்டும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். டாக்டர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னால் கொடுக்கலாமா என்று கேளுங்கள், எங்கள் அப்பா அப்படித்தான் வழிக்கு வந்தார்.

பழைய முட்டி:
சம்மணத்தைப் பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்பார்கள், நாற்காலிதான். வீக்கம் சில மாதம் இருக்கும். ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ தையலில் நீர் கசிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தேனிக்காரி:
சரி. இடது முட்டியும் தேய்ந்திருக்கிறது, செலவை நினைத்தால்தான்...

வாக்கர்:
2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்ச விலை வைத்தது. பில்லில் இம்ப்ளான்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அறை வாடகை, டாக்டர் ஃபீஸுக்கு அந்த வரம்பு கிடையாது.