நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கும் கதையுலகம் எது?

நான்குசெமீ எழுதியது:

இரண்டு வாரமாக அடித்துத் திருத்தி எழுதிய ஆசைப்பட்டியல் இது. லெகோ பொம்மை நிறுவனத்தின் குட்டி மனித உருவங்களாக இன்னும் வராத, வந்தும் பாதியில் நின்றுபோன கதையுலகங்கள் மட்டுமே இதில் உண்டு.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். அந்த உருவத்தின் மொத்த உயரமே ஏறத்தாழ 4 செ.மீ. முகத்துக்குக் கிடைப்பது ஒரு பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய இடம். ஆகவே கட்டைவிரலால் முகத்தை மூடிப் பாருங்கள். அப்போதும் ஆள் யாரென்று தெரிந்தால் அந்தக் கதையுலகம் தேறியது. தொப்பி, நிறம், கையில் இருக்கும் பொருள் ஆகிய மூன்றும்தான் ஆளைச் சொல்ல வேண்டும்.

இதன்படி என் முதலிடம் ரோமானியரை அடித்து விரட்டும் காமிக்ஸ் வீரர் ஆஸ்டெரிக்ஸுக்கு. இறக்கை வைத்த தலைக்கவசம், கூடவே கோடு போட்ட காற்சட்டையும் முதுகில் பெருங்கல்லுமாகக் குண்டு நண்பர் ஒபெலிக்ஸ்! இரண்டாவது, முகமூடி அணிந்த காமிக்ஸ் வீரர் ஃபேன்டம். மூன்றாவது, நீர்யானைபோல் இருக்கும் கதைப் பிராணிகளான மூமின்கள், அவர்களுடைய உருவம் மனித உடலே இல்லை என்பதால் சோதனையே தேவையில்லை. நான்காவது, ஆங் என்ற சிறுவன் நாயகனாக வரும் அவதார் அனிமேஷன் தொடரின் உலகம். 2006-இல் இரண்டே பெட்டிகள் வந்தன, அத்தோடு நிறுத்திவிட்டார்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கோட்டு சூட்டு போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் தொடர்களை மொத்தமாக அடித்துவிட்டேன். அவற்றில் தலைமுடியை மாற்றி மாட்டினால் எல்லோரும் எல்லோருமாகிவிடுகிறார்கள்.

பழையபெட்டி எழுதியது:

ஆங் சிறுவனின் அடையாளமே நெற்றியில் இருக்கும் அம்புக்குறிதான். அதன்மேல் கட்டைவிரலை வைத்துவிட்டு யாரென்று கேட்கிறீர்கள்.

நான்குசெமீ எழுதியது:

அம்பு நெற்றியில் தொடங்கவில்லை ஐயா, முடிகிறது. பின்கழுத்திலிருந்து உச்சி வழியாக வருகிறது. திருப்பி வைத்துப் பாருங்கள்.

பழையபெட்டி எழுதியது:

சரி, அதை விடுங்கள். உங்கள் அளவுகோலே கடைக்காரனின் அளவுகோல், சேகரிப்பவனுடையது அல்ல என்பதுதான் என் வாதம். ஒருவர் ஓர் உருவத்துக்கு ஏங்குவது அது தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிவதாலா?

ஏலியன் என்ற விண்வெளித் திகில் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் படம் வந்தபோது கென்னர் என்ற பொம்மை நிறுவனம் 3.75 அங்குல உருவங்களைத் திட்டமிட்டது. படமோ சிறுவர்கள் பார்க்கக்கூடியதல்ல, திட்டம் கைவிடப்பட்டது. அதை நினைத்து நினைத்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2013-இல் சூப்பர்7 நிறுவனம் அந்தப் பழைய வடிவமைப்புகளையே தேடி எடுத்துக் கொண்டுவந்தது. ரிப்ளி, டல்லாஸ், ஆஷ் என்று பார்த்தால் எல்லோரும் வேலைக்குப் போகும் உடையில் நிற்கும் சாதாரண மனிதர்கள். உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் அந்த ஜந்துவைத் தவிர ஒருவர்கூடத் தப்பமாட்டார். ஆனாலும் வாங்கினார்கள். கிடைக்காமல் போன பொருளுக்குத்தான் ஆசைப்பட்டியலில் இடம். உருவ அமைப்பு இரண்டாம்பட்சம்.

முகம் முக்கியமில்லை என்பதையும் ஏற்கமாட்டேன். சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் குடும்பத்துக்காக 2014-இல் லெகோ தலைகளையே புதிதாக வார்த்தது. வழக்கமான உருளைத் தலையில் கண்ணும் வாயும் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் நீங்களே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

கட்டைவிரல்போனவன் எழுதியது:

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் 1982-க்குப் பிந்தைய சிறிய ஜி.ஐ. ஜோ ராணுவ வீரர் பொம்மைகளைச் சேர்ப்பவன். துப்பாக்கியைப் பிடிக்கவைத்தால் கட்டைவிரல் முறியும். இடுப்பைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் அற்று, ஆள் இரண்டாகக் கிடப்பார். அவர்களுக்கு வேறு விரல் இல்லை, எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

உங்கள் இருவரிடமும் எனக்கு ஒரே கேள்வி. கதையுலகம் எதற்கு? லெகோ உருவம் 1978-இல் வந்தபோது எல்லோருக்கும் ஒரே முகம்: இரண்டு புள்ளி, ஒரு புன்னகை. தலையில் மாட்டியதை வைத்துத்தான் அவர் காவலரா, வீரரா, விண்வெளிக்காரரா என்பது முடிவாகும். 1989-இல் கடற்கொள்ளையர் வந்தபோதுதான் கண்பட்டையும் கொக்கிக்கையும் மரக்காலும் வந்தன. அந்தக் கொள்ளையர்கள் எந்தப் படத்திலிருந்தும் வந்தவர்கள் அல்லர். 1999-இல் ஸ்டார் வார்ஸ் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பெயர், வரலாறு, மாமன் மச்சான். என்னிடம் இருக்கும் ஸ்டார் வார்ஸ் நாயகன் லூக்கை நான் வேறு யாராகவும் ஆக்க முடியாது. பெயரில்லாத சிவப்பு விண்வெளிக்காரரை எப்படி வேண்டுமானாலும் ஆக்கலாம்.

என் ஆசைப்பட்டியலில் ஒரே வரிதான்: பெயரில்லாதவர்கள், ஐம்பது பேர்.

நான்குசெமீ எழுதியது:

நன்றி, என் கட்சிக்கே வாதாடியிருக்கிறீர்கள். தொப்பிதான் ஆள் என்று 1978-லேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்?

கட்டைவிரல்போனவன் எழுதியது:

இல்லை. தொப்பியே போதும் என்றால் அந்தத் தொப்பிக்கு மேல் கதையின் சொந்தக்காரருக்கு உரிமக் கட்டணம் எதற்கு என்று கேட்கிறேன்.

அச்சுக்காரன் எழுதியது:

நான் பொம்மைத் துறையில் இல்லை. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் தொழிலில் இருக்கிறேன். மூவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மை அச்சிடுவது மலிவு. புது எஃகு அச்சு வெட்டுவது செலவு. பல்லாயிரம் உருப்படிகள் அடித்தால்தான் அச்சின் விலை தாங்கும்.

இப்போது நான்குசெமீயின் பட்டியலைப் பாருங்கள். ஒபெலிக்ஸுக்கு வயிறு, மூமினுக்கு முழு உடல், ஃபேன்டமுக்கு ஓநாய். கட்டைவிரல் சோதனையில் தேறுகிற ஒவ்வொன்றும் புது அச்சு கேட்கிறது. அவர் அடித்துத் தள்ளிய கோட்டு சூட்டு ஆசாமிகளோ இருக்கிற உடலிலேயே மை அச்சில் முடிந்துவிடுவார்கள். எந்த நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அவருடைய ஆசைப்பட்டியல், கணக்குப் பிள்ளையின் நிராகரிப்புப் பட்டியல்!

பெயரில்லாதவர்களின் நண்பருக்கும் ஒரு வார்த்தை. 2002-இல் ஸ்டார் வார்ஸில் வரும் குள்ள உருவமான யோடாவுக்காக மடங்காத குட்டைக்கால் வெட்டினார்கள். பிறகு அந்தக் கால்தான் எத்தனையோ பெட்டிகளில் சிறுவர்களுக்கும் குள்ளர்களுக்கும் வந்தது. உரிமக் கட்டணம் கட்டிய கதைதான் உங்கள் பெயரில்லாத பிள்ளைகளுக்குக் கால் கொடுத்திருக்கிறது.

கட்டைவிரல்போனவன் எழுதியது:

குட்டைக்கால் விஷயத்தில் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.

இலைமறைவு எழுதியது:

இவ்வளவு வாதாடி என்ன ஆகப்போகிறது? நாம் எழுதும் பட்டியலை நிறுவனங்கள் படிக்கின்றனவா என்ன?

பழையபெட்டி எழுதியது:

படிக்கவே ஒரு வழி வைத்திருக்கிறார்களே. ரசிகர்கள் யோசனை அனுப்பும் தளமான லெகோ ஐடியாஸில் ஒரு யோசனைக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் பரிசீலனைக்கு எடுப்பார்கள். எடுப்பார்கள் என்றுதான் சொன்னேன், செய்வார்கள் என்று சொல்லவில்லை. ஸெல்டா என்ற வீடியோ விளையாட்டுக்கான யோசனைகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அந்த எண்ணிக்கையைத் தாண்டியும் தள்ளப்பட்டன. பின்னர் 2024-இல் நிறுவனமே அந்த விளையாட்டில் வரும் டெக்கு மரத்தை வெளியிட்டது, கூடவே நான்கு உருவங்கள். தட்டிய கதவு திறக்கவில்லை, பக்கத்துக் கதவு திறந்தது.

சில கதவுகளில் வேறு ஆள் குடியிருக்கிறார் என்பதும் உண்டு. ஹேலோ விளையாட்டின் உரிமத்தை 2009-இலேயே போட்டி நிறுவனமான மெகா பிளாக்ஸ் எடுத்துக்கொண்டது. அதை லெகோ பட்டியலில் எழுதுவது காகிதத்துக்குக் கேடு.

நான்குசெமீ எழுதியது:

அச்சுக்காரர் சொன்னதை நேற்று இரவு முழுக்க யோசித்தேன். மூமின்களை எடுத்துவிட்டேன், மனமில்லாமல். ஆனால் ஆஸ்டெரிக்ஸ் இன்னும் மேலேயே ஏறுகிறார், காரணம் வேறு.

அந்தக் கதைகளில் கிராமத்துக்காரர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் யார்? அடிவாங்கிச் செருப்பை மட்டும் தரையில் விட்டுவிட்டு வானத்தில் பறக்கும் ரோமானிய வீரர்கள். ஒரே தலைக்கவசம், ஒரே கேடயம், ஒரே ஈட்டி. அச்சு ஒருமுறை வெட்டினால் போதும், நூறு வீரர்கள். சொல்லப்போனால், அந்த அச்சுச் செலவுகூடப் பாதி மிச்சம்: 2012-இல் வந்த, தனித்தனியாக விற்கும் உருவங்களின் ஆறாம் வரிசையில் லெகோவே ஒரு ரோமானிய வீரரைச் செய்துவிட்டது. புதிதாக வேண்டியது ஒபெலிக்ஸின் வயிறும் ஓரிரு தலைகளும்தான்.

கட்டைவிரல்போனவரே, அந்த வீரர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. ஐம்பது பேர் வேண்டும் என்றீர்களே.

கட்டைவிரல்போனவன் எழுதியது:

ஒபெலிக்ஸ் இல்லாத பெட்டியாக வந்தால் வாங்குவேன்.

பழையபெட்டி எழுதியது:

ஆஸ்டெரிக்ஸை 2022-இலேயே பிளேமொபில் என்ற இன்னொரு பொம்மை நிறுவனம் கொண்டுவந்துவிட்டது, தெரியாதா? ஒபெலிக்ஸ் நல்ல குண்டாகவே இருக்கிறார். உரிமம் இரண்டாவது நிறுவனத்துக்கும் போகுமா என்பது வேறு கதை.

நான்குசெமீ எழுதியது:

தெரியும். அது 7.5 செ.மீ. என் அலமாரித் தட்டில் வைத்தால் மற்றவர்கள் எல்லோரும் குழந்தைகளாகிவிடுவார்கள். ஒரு தொடரை இரண்டு உயரங்களில் சேர்ப்பது என்ன வேதனை என்பது டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரின் உருவங்களைச் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். 5 அங்குலமாக வந்துகொண்டிருந்த உருவங்களை 2013-இல் 3.75 அங்குலமாகச் சுருக்கியபோது அவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா?

அச்சுக்காரன் எழுதியது:

ஃபேன்டமைப் பற்றி யாரும் பேசவில்லையே. முகமூடி, இறுக்கமான உடை, இரண்டு துப்பாக்கி. ஓநாயை விட்டுவிட்டால், தலைமூடி ஒன்றைத் தவிர எல்லாம் மை அச்சில் முடியும். பட்டியலில் மலிவானவர் அவர்தான்.

நான்குசெமீ எழுதியது:

கட்டைவிரல் சோதனையிலும் முழு மதிப்பெண். ஊதா உடை ஒன்றே போதும்.

இலைமறைவு எழுதியது:

ஊதாவா? நான் படித்து வளர்ந்த புத்தகங்களில் அவர் நீலம்.

பழையபெட்டி எழுதியது:

1936-இல் அவரைப் படைத்த லீ ஃபால்க் மனத்தில் வைத்திருந்தது சாம்பல் நிறம். 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கங்களில்தான் ஊதா ஆனார். சுவீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. நான்குசெமீ, முகத்தைக் கட்டைவிரலால் மூடுங்கள், பரவாயில்லை. நிறத்தை எந்த விரலால் மூடப்போகிறீர்கள்?

நான்குசெமீ எழுதியது:

நான்கு நிறத்திலும் ஒவ்வொன்று வாங்குவேன்.

அச்சுக்காரன் எழுதியது:

இப்போதுதான் கணக்குப் பிள்ளை சிரிக்கிறார்.