‘வி.எம்.ஜி.’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காகப் பாய்மரப் படகுப் பந்தயம் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 2013இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பை. ஆரக்கிள் அணி 1-8 என்று பின்தங்கிக் கிடந்து, பந்தயத்துக்குப் பந்தயம் தரவுகளைப் பார்த்துப் படகையும் ஓட்டும் முறையையும் மாற்றி, நியூசிலாந்து அணியை 9-8 என்று வென்ற கதை.

‘வெலாசிட்டி மேட் குட்’ (சுருக்கமாக வி.எம்.ஜி.) என்ற இடத்தில் நின்றுவிட்டேன். காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்மரப் படகு போக முடியாது. ஒருமுறை இடப்பக்கமாக, ஒருமுறை வலப்பக்கமாகச் சாய்வாக ஓடித்தான் ஏற வேண்டும். நீரில் ஓடுகிற வேகம் வேறு, காற்றை நோக்கி முன்னேறுகிற வேகம் வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் சொல் தேவை. இப்போதைக்கு ‘நல்வேகம்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

செ. எழுதியது:

நல்வேகம் வேண்டாம், கா. அந்த ‘குட்’டுக்கு நல்லது என்ற பொருளே இல்லை. கப்பல்காரர்களின் பழைய வழக்கு அது. நீரோட்டமும் காற்றும் தள்ளியது போக, கப்பல் உண்மையில் கடந்த பாதையை அப்படித்தான் குறித்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றுக்கு 40 பாகையில் 6.2 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் ஓடினால் காற்றை நோக்கிக் கிடைப்பது 4.75. 45 பாகையில் 7 நாட் என்றால் 4.95. 50 பாகையில் 7.5 நாட் ஓடினாலும் 4.82தான். வேகமாக ஓடுவதும் பயன் இல்லை, காற்றை ஒட்டி ஓடுவதும் பயன் இல்லை. நடுவில் எந்த இடம் என்று கண்டுபிடிக்கத்தான் பாய்மர உச்சியில் காற்றுமானியும் அடியில் வேகமானியும் வைத்துப் பதிவு செய்கிறார்கள். ஆரக்கிள் கண்டுகொண்டதும் இதுதான். காற்றிலிருந்து இன்னும் விலகி, நீளமான பாதையில், படகின் அடியிலுள்ள நீரிறக்கைகள்மேல் எழும்பிப் பறந்து போனால் மொத்தத்தில் முந்தலாம் என்று.

என் பரிந்துரை ‘நிகர வேகம்’. நிகர லாபம் எல்லோருக்கும் தெரியும்.

நா. எழுதியது:

அன்பர்களே, ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூறு 66 நம் கையில் இருக்கிறது. காற்றின் தொழிலை ஆண்டவன் வழிவந்தவனே என்கிறார். கடலோட்டத்துக்கு ‘வளி’ என்ற சொல் இருக்க, கணக்குப்பிள்ளையின் ஏட்டிலிருந்து ‘நிகர’த்தை ஏன் எடுக்க வேண்டும்? நிகர் என்றால் ஒப்பு. கழித்தது போக மிஞ்சியது என்ற பொருள் பிற்காலத்தது. ‘வளியெதிர்வேகம்’ என்பது என் முன்மொழிவு.

செ. எழுதியது:

ஐயா, பாடல் பொருத்தம்தான். ஆனால் ‘எதிர்’ இடிக்கிறது. காற்று போகும் திசையிலுள்ள பந்தய எல்லை மிதவைக்குத் திரும்பும்போதும் இந்த அளவையே பார்க்கிறார்கள். அப்போதும் வேகப் படகுகள் நேராகப் போவதில்லை, சாய்வாகத்தான் இறங்குகின்றன. அங்கே எது எதிர்?

மெ. எழுதியது:

இன்று எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் அந்தச் சாய்வுப் பாதையை வரைந்து காட்டினேன். ‘வளியெதிர்வேகம்’ என்று எழுதியதும், காற்று எதிர்த்து வரும் வேகமா என்று கேட்டார்கள். பிறகு ஒரு பையன், “அலைஞ்சது நிறைய, தேறுனது கொஞ்சம், அப்படித்தானே மிஸ்?” என்றான். எனக்கு அது பிடித்துவிட்டது. ‘தேறுவேகம்’ என்று வைக்கலாமா?

சி. எழுதியது:

மெ. அக்கா சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. நான் குமரிக் கடற்கரைக்காரன். அப்பா கட்டுமரத்தில் பாய் வைத்து ஓடும்போது மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துக் கணியம் பார்ப்பார், அதாவது மரம் நிற்கும் இடத்தைக் கணிப்பார். தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பின்னால் ஓடினாலும் கணியம் மாறவில்லை என்றால் மரம் எங்கும் போகவில்லை என்று அர்த்தம். கருவி சொல்வதும் அதுதானே.

நா. எழுதியது:

தேறு என்பதன் வேர்ப்பொருள் தெளிதல். கலங்கல் நீரைத் தெளிவிப்பது தேற்றாங்கொட்டை, தெளிந்த கள் தேறல். ‘தேறுக தேறும் பொருள்’ என்னும் குறளில் நம்புதல் என்ற பொருள். ஆகவே தேறுவேகம் என்றால் நம்பத்தக்க வேகம் என்றே தமிழறிந்தவன் கொள்வான். மிச்சக் கணக்குப் பொருள் கொச்சை வழக்கு.

மெ. எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன வேரே இதற்குத் துணை நிற்கிறது. ஓட்டத்தின் கலங்கலெல்லாம் அடங்கித் தெளிந்து நிற்பதுதானே இந்த எண்? அப்புறம் இலக்கணத்தையும் பாருங்கள். தேறுவேகம் வினைத்தொகை, ஊறுகாய் போல. தேறிய, தேறுகின்ற, தேறும் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கின்றன. நேற்றைய பந்தயப் பதிவில் இருப்பது தேறிய வேகம். ஓட்டுபவர் முன் திரையில் ஓடுவது தேறுகின்ற வேகம். படகு வடிவமைக்கும்போதே கணினி கணித்துத் தருவது தேறும் வேகம். தரவை வைத்துப் படகை மேம்படுத்துவது என்றால் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான். ஒரே சொல் மூன்றையும் தாங்குகிறது.

செ. எழுதியது:

நிகர வேகத்தைத் திரும்பப் பெறுகிறேன். இயற்பியலில் நேரெதிர் வேகங்களைக் கூட்டிக் கழித்ததற்கும் அதுவே பெயர் என்பதால் குழப்பம் வரும்.

கா. எழுதியது:

நன்றி. ‘தேறுவேகம்’ என்றே கொடுக்கிறேன். முதல் இடத்தில் ‘காற்றின் திசையில் தேறும் வேகம்’ என்று விரித்து எழுதிவிடுகிறேன். இன்னொன்று: காற்றுக்கு எந்தக் கோணத்தில் படகு எவ்வளவு வேகம் போகும் என்று காட்டும் ‘போலார்’ படம். பாடநூல் வழியில் ‘துருவ வரைபடம்’ என்று போட்டால் பிள்ளைகள் வடதுருவத்தைத் தேடுவார்கள்.

சி. எழுதியது:

அந்தப் படம் விரித்த சிறகு மாதிரிதானே இருக்கிறது, ‘சிறகுப்படம்’?

நா. எழுதியது:

சிறகுப்படம் பற்றித் தனியே எழுதுகிறேன், போலாருக்கு இலங்கையில் ‘முனைவு’ என்ற சொல்லாட்சி உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. தேறுவேகத்தைப் பொறுத்தவரை, பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, அச்சுக்கும் போகட்டும். வினைத்தொகை விளக்கம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் வளியை விட்டுவிட்டு ஒரு கடற்சொல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழுவின் சொற்பட்டியலில் ‘வளித்தேறுவேகம்’ என்பதையும் அருகில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.