மூன்றாம் பாகத்தைப் பாதியில் மூடி வைத்தவர்களுக்கு

இளையோர் ஃபேண்டஸி, டிஸ்டோபியா (கொடுமையான கற்பனைச் சமுதாயத்தைக் காட்டும்) நாவல்களில் உங்களை உலுக்கிய புத்தகம் எது, குறிப்பாக எந்த இடம் என்று சொல்லுங்கள். நான் ஆரம்பிக்கிறேன். கதையின் கடைசி வரை பேசப்போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் இப்போதே விலகிவிடுங்கள்.

என் புத்தகம் ‘மாக்கிங்ஜே’. சூசன் காலின்ஸின் ஹங்கர் கேம்ஸ் வரிசையில் மூன்றாவது, 2010-ல் வந்தது. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில புகார்கள் வரும். முதல் இரண்டு பாகத்தில் இருந்த விறுவிறுப்பு இதில் இல்லை. நாயகி காட்னிஸ் பாதி நேரம் மருந்து மயக்கத்திலோ ஏதாவது அலமாரிக்குள் ஒளிந்துகொண்டோ கிடக்கிறாள். தங்கை பிரிம்மை எதற்குக் கொல்ல வேண்டும்? எனக்கு மூன்றிலும் சிறந்தது இதுதான். இது வந்திருக்காவிட்டால் முன்னவை இரண்டும் நல்ல சாகசக் கதைகள் என்ற அளவில் நின்றுபோயிருக்கும்.

2008-ல் வந்த முதல் நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது சண்டை இல்லை, அந்தச் சீட்டுக் கணக்கு. கதையில் கேபிடல் என்ற தலைநகரம் வருஷாவருஷம் மாவட்டங்களிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளை எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளும் போட்டியில் இறக்கும். 12 வயதில் ஒரு சீட்டு, பிறகு வருஷத்துக்கு ஒன்றாகக் கூடும். பசி தாங்காத வீட்டுப் பிள்ளை கூடுதலாகச் சீட்டுப் போட்டால், ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். போட்ட சீட்டு போட்டதுதான், அடுத்த வருஷமும் பெட்டியிலேயே இருக்கும். அதனால்தான் 16 வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது, அவள் நண்பன் கேலின் பெயர் 42 சீட்டில். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கவலை கிடையாது. ஏழைக்கும் கொஞ்சம் வசதி உள்ளவனுக்கும் இடையே வெறுப்பை வளர்க்க இந்த ஒரு ஏற்பாடு போதும் என்பதை கேல் கோபத்தோடு சொல்வான். ஓர் அரசு எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு சின்ன விஷயத்தை வைத்துக் காட்டிய இளையோர் நாவல்கள் குறைவு.

ஆனால் முதல் நாவல் படிக்கும்போது நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. கெட்டவர்கள் யார் என்று தெரியும். கேபிடல் கெட்டது, மாவட்டங்கள் நல்லவை. மூன்றாம் பாகம் அந்தச் சௌகரியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

வெள்ளி நிற பாராசூட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? போட்டியில் சாகக் கிடக்கும் பிள்ளைகளுக்கு மருந்தும் சூப்பும் ரொட்டியும் வானத்திலிருந்து இறங்குவது அவற்றில்தான். ‘மாக்கிங்ஜே’ முடிவில் அதே பாராசூட்டுகள் அதிபர் ஸ்னோவின் மாளிகை முன்னால் அடைத்து வைக்கப்பட்ட குழந்தைகள்மேல் இறங்குகின்றன. குழந்தைகள் ஆசையாகக் கை நீட்டிப் பிடிக்கிறார்கள். சில வெடிக்கின்றன. காப்பாற்ற மருத்துவக் குழு ஓடி வருகிறது. அந்தக் கூட்டத்தில் காட்னிஸ் முதலில் பார்ப்பது ஒரு பின்னலை. அப்புறம், அழுகிற குழந்தையைப் போர்த்த அந்தப் பெண் தன் கோட்டைக் கழற்றும்போது, பின்னால் வெளியே தொங்கும் சட்டை நுனி தெரிகிறது. முதல் நாவலில் சீட்டெடுக்கும் நாளன்று, வாத்துக்குஞ்சே வாலை உள்ளே விடு என்று காட்னிஸ் செல்லமாகச் சொல்லிச் செருகிவிட்ட அதே சட்டை நுனி. பிரிம். மிச்ச பாராசூட்டுகள் அப்போதுதான் வெடிக்கின்றன.

முதலில் ஒரு குண்டு, உதவ ஆட்கள் ஓடி வரக் கொஞ்சம் அவகாசம், அப்புறம் பெரிய குண்டு. இந்தப் பொறியைப் பற்றி கேலும் ஆயுத வடிவமைப்பாளர் பீட்டியும் பேசிக்கொண்டிருந்ததை நாம் ஏற்கெனவே படித்திருப்போம். காட்டில் கண்ணி வைத்து முயல் பிடித்து இரண்டு குடும்பத்துக்குச் சோறு போட்டவன் கேல். அந்தத் திறமைதான் இங்கே வந்து நிற்கிறது. அது தன் குண்டுதானா என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது. காட்னிஸுக்கு ஏற்றவன் கேலா, போட்டிக்கு அவளோடு போன பீட்டாவா என்று இத்தனை வருஷம் சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கான பதில் காதலில் இல்லை, இந்தக் குண்டில் இருக்கிறது.

போரில் ஜெயித்ததும் புரட்சித் தலைவி காயின், கேபிடல் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று மிஞ்சியிருக்கும் வெற்றியாளர்களிடம் வாக்கு கேட்கிறாள். அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. காட்னிஸ் சம்மதம் சொல்கிறாள். பிறகு ஸ்னோவைக் கொல்லக் கொடுத்த அம்பை காயின்மேல் விடுகிறாள். அந்தச் சம்மதம் மனசாரச் சொன்னதா, காயினை நம்பவைக்கச் சொன்னதா? நாவல் விளக்கிச் சொல்லாது. சொல்லாமல் விட்டதுதான் சரி.

காலின்ஸின் அப்பா விமானப்படையில் இருந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர். சிறுமியின் பார்வையில் அந்த வருஷத்தை வைத்து 2013-ல் குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றும் எழுதியிருக்கிறார். போருக்குப் போனவர்களின் வீட்டில் வளர்ந்தவர் எழுதிய முடிவு என்று எடுத்துக்கொண்டால், காட்னிஸ் ஏன் அலமாரிக்குள் ஒளிகிறாள் என்பது புரியும்.

வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ வரிசையை இதோடு சேர்த்துப் பேசுவார்கள். ஐந்து பிரிவுகளாகப் பிரிந்த சிகாகோ எனக்கும் பிடித்தது. ஆனால் 2013-ல் வந்த கடைசி பாகத்தில் எல்லாவற்றுக்கும் மரபணுவைக் காரணம் காட்டியதும் அந்த நகரமே சுருங்கிவிட்டது. அதன் நாயகி டிரிஸ் சாவது என்னைப் பாதிக்கவில்லை. பிரிம்மின் சாவு இன்னும் பாதிக்கிறது.

அடுத்து நீங்கள் சொல்லுங்கள்.

மறுமொழி

தோழி, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எனக்கு மூன்று பாகம் தேவைப்படவில்லை. லோயிஸ் லோரி 1993-ல் எழுதிய ‘தி கிவர்’ ஒன்றே போதும். அதன் பிறகு அந்த உலகத்தில் மூன்று நாவல்கள் வந்தன, இருந்தாலும் முதல் புத்தகம் தனியாகவே நிற்கும்.

அதில் துப்பாக்கி கிடையாது, கொடுங்கோலனும் கிடையாது. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். கதைநாயகனான சிறுவன் ஜோனஸின் அப்பாவுக்குக் கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை, மிகவும் அன்பானவர். இரட்டைக் குழந்தை பிறந்தால் எடை குறைவான குழந்தையை ‘விடுவிப்பார்கள்’ என்று சாதாரணமாகச் சொல்வார். ஒரு நாள் ஜோனஸ் அதன் பதிவைத் திரையில் பார்க்கிறான். அப்பா இரண்டு குழந்தைகளையும் எடை போடுகிறார். சின்னதன் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார், கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே. அப்புறம் அட்டைப் பெட்டியில் வைத்துக் குப்பை போகும் வழியில் தள்ளிவிட்டு டாட்டா காட்டுகிறார்.

என் மகளுக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவள் புத்தகத்தை வாங்கி மீதியைத் தானே படித்தாள். அன்று இரவு சாப்பிடும்போது, அந்த அப்பாவுக்குத் தான் செய்வது தப்பென்று தெரியுமா என்று கேட்டாள். அதைப் பற்றி நாங்கள் வெகுநேரம் பேசினோம்.

மறுமொழி

அக்கா, என் அனுபவம் புத்தகத்துக்கு வெளியே நடந்தது. 2020-ல் பாங்காக்கில் வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு நின்று, ஹங்கர் கேம்ஸில் வருவதுபோல மூன்று விரலை உயர்த்துவதை அங்கே பார்த்தேன். 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகே தாய்லாந்தில் அது எதிர்ப்பின் அடையாளம் ஆகிவிட்டது. 2021-ல் மியான்மரிலும் அதே விரல்கள்.

அதற்கு முன் நான் படம் மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு நாவல்களை வாங்கினேன். காட்னிஸின் மாவட்டமான டிஸ்ட்ரிக்ட் 12-ல் அந்த விரல் வணக்கம் எப்போதாவது சாவு வீட்டில் காட்டுவது. நன்றி, மதிப்பு, நேசித்தவருக்கு விடை. இரண்டாம் பாகத்தில் ஒரு முதியவர், முதல் போட்டியில் காட்னிஸுக்குத் துணையாக இருந்து இறந்த சிறுமி ரூவின் மெட்டைச் சீழ்க்கையடிக்க, கூட்டமே விரல் உயர்த்துகிறது. அடுத்த நிமிடம் அவர் தலையில் சுடுகிறார்கள். நான் நேரில் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு விரல் உயர்த்தினார்களோ என்று நினைத்தேன். படித்தும் உயர்த்தியிருந்தால் அது பெரிய தைரியம்.

என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு. மூன்றையும் ஒரேயடியாக வாங்கிக்கொடுக்கலாமா?

தொடங்கியவர்

தம்பி, ரூவுக்காக அவள் மாவட்டம் அனுப்பும் ரொட்டியை நீங்கள் விட்டுவிட்டீர்களே! எனக்கு அந்தச் சீழ்க்கை அங்கிருந்தே தொடங்குகிறது.

ஏழாம் வகுப்புக்கு முதல் இரண்டையும் தாராளமாகக் கொடுங்கள். மூன்றாவதை ஒரு வருஷம் தள்ளி, வீட்டில் பெரியவர் யாராவது கூடவே படிக்கிற மாதிரி கொடுங்கள். பிரிம்மின் பூனை பட்டர்கப் அவளைத் தேடி டிஸ்ட்ரிக்ட் 12-க்குத் திரும்பி வரும் இடம் கடைசியில் இருக்கிறது. அவள் இனி வரமாட்டாள் என்று காட்னிஸ் அதைப் பார்த்துக் கத்துவாள், அப்புறம்தான் அவளுக்கு அழுகையே வரும். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது பிள்ளை தனியாக இருக்க வேண்டாம்.